கணினியில் ஒரு வாழ்த்து மடல்

அன்புடையாரை நினைத்தலும், நினைத்ததை அவர்க்கு அறிவித்தலும் மாந்தரினத்தின் மிகப் பழைய வழக்கங்கள். பண்டிகை நாள்கள் அவ்வழக்கத்திற்கு வாய்ப்பான பருவங்களாக அமைந்தன. ஓலையும் காகிதமும் அச்சும் எனக் கருவிகள் மாறினவேயன்றி நோக்கம் மாறியதில்லை. இங்கிலாந்திலே 1840ஆம் ஆண்டில் ஒரு பென்னி அஞ்சல் முறை ஏற்பட்டமையால், கடிதம் அனுப்புதல் எளியோர்க்கும் இயல்வதாயிற்று. மூன்றாண்டு கழித்து, 1843இல், ஹென்றி கோல் என்பார் ஜோன் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, ஏறத்தாழ 1000 படிகள் அச்சிட்டு, படியொன்று ஒரு சிலிங்காக விற்பனைக்கு விடுத்தார். விற்பனைக்கென அச்சான முதல் நத்தார் வாழ்த்து அட்டை அதுவே என்பர். பின்னாளிலே சிவகாசி அச்சகங்களின் உழைப்பால் பொங்கல் வாழ்த்தும் தீபாவளி வாழ்த்தும் தமிழர் வீடுகளுக்குப் பலவண்ணத்தில் வந்து சேர்ந்தன.

எமது அம்பாறைக் கரையோரத்தின் இயல்பை அன்பர் பலர் அறிவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் தொடுத்த நிலம் இது. பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயில் மணியோசையும் ஒரே காற்றிற் கலந்து வரும். யாம் மாணவராயிருந்த 1990களிலே, பண்டிகைக்காலம் அணுகினாற் கல்முனைக் கடைத்தெருப் புத்தகசாலைகளில் வாழ்த்து அட்டைகள் கயிற்றிலே தொங்கும். பிறையும் பள்ளிவாசலும் ஒருபுறம். பொங்கற் பானையும் கரும்பும் மறுபுறம். ஒரு சமயத்தார் மறுசமயத்தார்க்கு வாங்கியனுப்பும் அட்டைகளே அவற்றுட் பல. போர்க்காலத்தில் அஞ்சல் பிந்தி வரினும், வந்த அட்டையிலே கையெழுத்து இருக்கும். நமது பெயர் இருக்கும். இன்றோ கைத்தொலைபேசியில் ஒரே படம் ஒரே நொடியில் நூறு பேருக்குப் போகின்றது. பெறுபவர் பெயர் அதில் இல்லை. அனுப்புபவர் அதனை முழுதும் நோக்கினாரோ என்பதும் ஐயமே. இக்குறை நீங்க வேண்டுமாயின் அட்டையை நாமே ஆக்குதல் வேண்டும்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற யாம், வெண்கட்டியும் கரும்பலகையும் கொண்டு கற்பிக்கப் பழகியவர்கள். கணினியிற் படம் திருத்தும் கலையை எமக்குக் கற்பித்தோர் எம் மாணவரே. இதனைச் சொல்ல எமக்கு நாணமில்லை, மகிழ்ச்சியே உண்டு.

இக்கலைக்குரிய மென்பொருள்களுட் பெயர்பெற்றது போட்டோஷொப். தோமஸ் நோல், ஜோன் நோல் என்னும் அமெரிக்க உடன்பிறந்தார் 1987இல் தொடங்கிய முயற்சி, 1990இல் அடோபி நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அதனை விலைகொடுத்துப் பெறவியலாத எம்போன்றார்க்கு, 1996இல் வெளிவந்த கிம்ப் என்னும் மென்பொருள் கைகொடுக்கின்றது; அதற்கு விலையில்லை.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். கணினிப்படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய வண்ணப் புள்ளிகளின் தொகுதி. அதனைப் படவணு என்றும் தமிழில் வழங்குவர். அச்சிடுங்கால் ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருப்பின் படம் தெளிவாக அமையும். ஆகவே 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள அட்டைக்கு 1800க்கு 1200 புள்ளிகள் கொண்ட வெறுந்தளம் ஒன்றை முதலில் அமைத்தல் வேண்டும். அடுத்தது லேயர் என்னும் படலம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தகடுகளை எண்ணிக் கொள்க. பின்னணி ஒரு தகடு, ஒளிப்படம் ஒரு தகடு, எழுத்து ஒரு தகடு. ஒன்றைத் திருத்தும்போது மற்றையது கெடுவதில்லை. பணி முடியுமுன் படலங்களோடு கூடிய மூலக்கோப்பினைத் தனியே சேமித்து, அனுப்புவதற்கு வேறொரு படி எடுத்தல் நன்று. ஜேபெக் வடிவம் கோப்பினைச் சிறிதாக்குங்கால் நுண்விவரம் சிலவற்றைக் கைவிடும். பீஎன்ஜி வடிவம் அவ்வாறு கைவிடாது.

படலம், படவணு போன்ற சொற்களைக் கேட்டுச் சிரிப்பாரும் உளர். காரைதீவு ஈன்றெடுத்த விபுலாநந்த அடிகள் (1892–1947), 1930களிலே சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியிலே தலைமை நின்று உழைத்தவர். அவர் பிறந்த ஊருக்கு அயலிலே கற்பிக்கும் எமக்கு, புதுக்கருவி ஒன்று வரும்போது அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுதல் கடமையாகவே தோன்றுகின்றது.

தமிழாசிரியருக்கு இக்கலையில் ஒரு தனிச் சோதனை உண்டு. பழைய படத்திருத்த மென்பொருள்களில் 'பொங்கல்' என்று தட்டினால், ஒற்றைக்கொம்பு பகரத்தின் இடப்புறம் நில்லாது வலப்புறம் சென்று காலோடு ஒட்டிக்கொள்ளும். 'பெருநாள்' என்பதன் கொம்பும் அவ்வாறே இடம்மாறும். இதன் காரணம் சிந்தித்தற்குரியது. யுனிக்கோடு என்னும் உலகப் பொதுக்குறிமுறையிலே முதலில் மெய்யும் அதன்பின் உயிர்க்குறியும் பதியப்படுகின்றன. எழுதும்போது கொம்பு முன்னே வரினும், ஒலிக்கும்போது மெய்யே முந்தும். உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் ஒலிக்கும் எனத் தொல்காப்பியர் நூன்மரபிற் கூறியதும் இதுவே. ஒலிமுறையிற் பதிந்ததை வரிவடிவ முறைக்கு மாற்றும் அறிவு மென்பொருளுக்கு வேண்டும். கிம்ப் அதனைச் செய்கின்றது. போட்டோஷொப்பின் பிற்காலப் பதிப்புகளிலே தென்னாசிய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பினைத் தெரிவு செய்தாற் கொம்பு தன் இடத்தை அடையும். எம் வகுப்பு மாணவர்க்கு இதனைக் காட்டியபோது, பல நாள் விளங்காத நூன்மரபுச் செய்தி ஒரு நொடியில் விளங்கிற்று.

இனி, இக்கலையின் மற்றொரு பக்கத்தை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுதல் வேண்டும்.

சாய்ந்தமருதைச் சேர்ந்த தாயொருவர், சென்ற நோன்பு மாதத்தில், எம் மாணவியொருத்தியுடன் எம்மிடம் வந்தார். 2004 திசெம்பர் 26 ஞாயிறன்று எழுந்த ஆழிப்பேரலையிலே பத்து வயது மகனை இழந்தவர் அவர். அவ்வலை உயிர்களோடு வீடுகளில் இருந்த படங்களையும் கொண்டு போயிற்று. புலமைப்பரிசில் வகுப்புக்கென எடுத்த கடவுச்சீட்டளவுப் படம் ஒன்று மாத்திரம், சம்மாந்துறையில் வாழ்ந்த தங்கையின் கைப்பையில் இருந்து தப்பியது. அதிலும் பூஞ்சணம் படர்ந்து புள்ளிபுள்ளியாகக் கறை. அதனையும், மக்களும் பேரரும் சூழ முற்றத்தில் எடுத்த அண்மைப் படம் ஒன்றையும் எம் மேசைமீது வைத்தார். "சேர், இவனையும் எங்களோட சேத்து ஒரு பெருநாள் வாழ்த்துச் செஞ்சி தர ஏலுமா? தோஹாவில இருக்கிற மகளுக்கு அனுப்பணும்" என்றார். பெருநாள் அட்டைகளில் உருவப்படம் இடுவதை விரும்பாதாரும் அவ்வூரில் உளர். இது மகளின் கண்ணுக்கு மட்டும் என்று அவரே சொன்னார்.

சிறுபடத்தை அங்குலத்திற்கு 1200 புள்ளிகள் வீதம் வருடியிற் பதிந்தோம். 35 மில்லிமீற்றர் அகலமுள்ள படம் ஏறத்தாழ 1650 புள்ளி அகலமுடையதாய்த் திரையில் விரிந்தது. கறை நீக்கும் கருவி, அயலிலுள்ள நல்ல தோல்நிறத்தை எடுத்துக் கறைமேற் பூசும். ஒவ்வொரு புள்ளியாக நீக்கிவருகையில், இடப்புருவத்தின் மேலே ஒரு வெண்கீற்றுத் தென்பட்டது. அதனையும் நீக்கக் கைவைத்த வேளை, "அது கறையில்ல சேர், மாமரத்தால விழுந்த தழும்பு" என்று அவர் தடுத்தார். கருவிக்குக் கறையும் தழும்பும் ஒன்றே. பிரித்தறிபவர் பெற்றவர் ஒருவரே. தழும்பு நின்றது.

மாணவி வேறொரு யோசனை சொன்னாள். செயற்கை நுண்ணறிவு மென்பொருளிற் கொடுத்தாற் சிறுவனை முப்பது வயது வாலிபனாகக் காட்டலாம் என்றாள். இன்று அஃது இயலும் என்பது மெய்யே. ஆயின் அம்முகம் எவருடைய முகமோ, அவன் முகமன்று. தாயும் தலையசைத்து மறுத்தார்.

இரண்டு அட்டைகள் ஆக்கினோம். ஒன்றிலே, அவர் கேட்டவண்ணம், சிறுவனைப் பின்னணியினின்றும் வெட்டியெடுத்து, ஒளியும் நிழலும் பொருந்தச் செய்து, குடும்பத்தாரின் நடுவே நிறுத்தினோம். மற்றொன்றிலே குடும்பப் படத்தை அவ்வண்ணமே விட்டு, சிறுவனின் படத்தைப் பக்கத்திலே தனிச்சட்டத்துள் வைத்தோம். இரண்டிலும் 'ஈத் முபாறக்' என்பதும் மகளின் பெயரும் இருந்தன. முதலாவதை அவர் நெடுநேரம் பார்த்தார். "தம்பிக்காரன் தாடியோட நிக்கான், காக்கா மட்டும் சின்னப் பொடியனா நிக்கான். இது வேணாம் சேர்" என்று கூறி, இரண்டாவதை எடுத்துக்கொண்டார். எவ்வளவு திறமையாக ஒட்டினும் இருபது ஆண்டை ஒட்ட முடியாது என்பதை அவர் எம்மினும் விரைவில் அறிந்தார்.

படத்தை மாற்றுதல் புதிய செயலன்று. சோவியத்து நாட்டில், ஸ்ராலினோடு நின்ற யெசோவ் என்பார் 1940இற் கொல்லப்பட்ட பின்னர், அவர் உருவம் படத்திலிருந்தே அழிக்கப்பட்டது. 1982 பெப்ருவரியில் நஷனல் ஜியோகிரபிக் இதழ், கீசாவின் பிரமிதுகளைக் கணினியால் நெருக்கித் தன் அட்டையிற் பொருத்தியமை பெரும் விவாதத்தை எழுப்பிற்று. அக்காலத்தில் அரசும் பெருநிறுவனமும் மாத்திரமே செய்யவல்லதாயிருந்ததை, இன்று பத்தாந்தர மாணவன் தன் கைத்தொலைபேசியிற் செய்கின்றான். ஆதலின் அவற்றுக்குரிய பொறுப்பும் அவன் தோளில் ஏறியுள்ளது.

மாணவமணிகளுக்கு யாம் கூறுவன மூன்று. மூலப்படத்தை ஒருபோதும் அழித்துவிடாதீர், படியிலேயே திருத்துங்கள். பிறர் உருவத்தைத் தொடுமுன் அவரையோ அவருக்குரியாரையோ கேளுங்கள். இல்லாததைச் சேர்த்தால், சேர்த்தமையைப் பார்ப்பவர்க்குச் சொல்லுங்கள். கறையை நீக்குதல் தொண்டு. தழும்பை நீக்குதல் அவர்தம் வரலாற்றில் ஒரு வரியை அழித்தலாகும்.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடல் கடந்து வாழ்வோர் உங்களிற் பலர். இவ்விழா ஆண்டிலே, உங்களுடன் ஒரே வாங்கில் இருந்து படித்தாரில் ஒருவருக்கேனும், அவர் பெயர் பொறித்து, உங்கள் கையால் ஆக்கிய வாழ்த்து ஒன்றை அனுப்புவீராக. இரவற்படம் வேண்டா, உங்களிடமுள்ள பழைய வகுப்புப் படம் ஒன்றைப் பெட்டியினின்றும் எடுங்கள். அது செல்லரிக்குமுன் பதிந்து வைத்தலும் அதனாற் கைகூடும். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என ஒருமுறை பார்த்து அனுப்புங்கள். எம்மையெல்லாம் ஒருங்கு கூட்டிய கல்லூரி அன்னை நீடு வாழ்க!