அறைக்கு ஒரு பிணை

விடுதியொன்றில் ஓரிரவு தங்குவதற்கு என்ன வேண்டும்? பணம் வேண்டும் என்று நம்மிற் பலர் விடை கூறுவர். அவ்விடை இக்காலத்துக்குப் போதாது. வாடகைக்குப் பணம் வேண்டும். அதற்கு மேல் ஒரு பிணையும் வேண்டும். அப்பிணையின் இயல்பை அறியாதவர், கையிற் காசிருந்தும் கடனாளியைப் போல் நிற்க நேரிடுகின்றது. குடும்பத்தோடு பிரயாணஞ் செய்வோரும், மேற்படிப்புக்காகப் பிறநாடு செல்லும் மாணவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

மடவளையில் வாழும் என் தமக்கையார், 2024 ஆம் ஆண்டு, அமெரிக்காவிற் படிக்கும் தம் மகனைப் பார்க்கச் சென்றார். மருமகனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் வாரத்திற் சில மணி நேரம் வேலை செய்து கிடைப்பதைக் கொண்டு காலந்தள்ளுபவன். தாயாருக்குக் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கைக் காட்டிவிட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. அப்பயணத்துக்கு லாஸ் வேகாஸ் நகரிலே தங்குவது வசதி. அந்நகரத்துப் பெரிய விடுதிகள் பலவற்றிற் கீழ்த்தளத்திலே சூதாட்ட மண்டபம், மேலே அறைகள். வார நாள்களில் அறை வாடகை வியப்பூட்டும் அளவுக்கு மலிவு. மூன்று இரவுகளுக்கு ஓர் அறையைப் பதிவு செய்தான்.

வரவேற்பு மேசையிலே வேறொரு கணக்குக் காத்திருந்தது. இரவொன்றுக்கு நூறு டொலர் வீதம், முந்நூறு டொலரை அவனுடைய டெபிட் அட்டையிலே பிணையாகத் தடுத்து வைத்தார்கள். பதிவு செய்தபோது பெரிய எழுத்திலே தோன்றாத 'வசதிக் கட்டணம்' ஒன்றும் நாள்தோறும் சேர்ந்தது. தமக்கையார் சூதாட்ட மேசையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆயினும் அறைக்குப் போகவும் வரவும் அம்மண்டபத்தின் நடுவேதான் நடக்க வேண்டியிருந்தது. அறையில் ஒரு பொருளும் பழுதுபடவில்லை. கணக்கும் முழுமையாகத் தீர்க்கப்பட்டது. தடுத்து வைத்த முந்நூறு டொலரோ ஒன்பதாம் நாளே விடுபட்டது. இடையில் அவனது அறை வாடகை வங்கியிலிருந்து போகவேண்டிய நாள் வந்தது. கணக்கில் மீதி போதவில்லை. வீட்டுக்காரர் ஐம்பது டொலர் தாமதக் கட்டணம் விதித்தார்.

"தம்பி, நாங்க என்ன, கோப்பையைத் தூக்கிக்கிட்டு ஓடிப்போற ஆட்களா?" என்று தமக்கையார் தொலைபேசியிலே என்னைக் கேட்டார். ஐம்பது டொலரை விட அந்த எண்ணமே அவரை வருத்தியது. அக்கேள்விக்குச் சமாதானம் கூறினாற் போதாது; விளக்கமும் கூறவேண்டும்.

விடுதிக்காரர் நம்மிடம் முன்கூட்டிப் பெறும் பணம் மூவகைப்படும். முதலாவது முற்பணம். இது வாடகையின் ஒரு பகுதி, அல்லது முழுமையும். எசல பெரஹரா காலத்திற் கண்டியிலே அறை தேடியவர்களுக்கு இது புதிதன்று. பயணத்தைக் கைவிட்டால் இப்பணம் திரும்புமா என்பது பதிவின் நிபந்தனையைப் பொறுத்தது. இரண்டாவது பிணைப்பணம். இதனைக் காசாகவோ அட்டையிலோ உண்மையாகவே பெற்றுக்கொண்டு, புறப்படும்போது திருப்பித் தருவார்கள். அந்நிய நாணயத்தில் அட்டை மூலம் செலுத்திப் பின்னர் பெறும்போது, நாணய மாற்று வீதம் மாறியிருந்தாற் சிறு நட்டமும் உண்டாகலாம்.

மூன்றாவதுதான் தடுத்து வைத்த பணம். இங்கே விடுதிக்காரர் பணத்தை எடுப்பதில்லை. "இத்தொகையை எமக்காக ஒதுக்கி வையுங்கள்" என்று வங்கியைக் கேட்கிறார், வங்கியும் ஒதுக்குகின்றது. புறப்படும்போது செலவான தொகை மட்டும் எடுக்கப்படும்; எஞ்சியது விடுவிக்கப்படும். அந்த விடுதலைக்குச் சில நாள்களும் செல்லலாம், சிலவேளை அதற்கு மேலும் செல்லலாம். விடுதியைக் கேட்டால் வங்கியைக் கேள் என்பர். வங்கியைக் கேட்டால் விடுதியைக் கேள் என்பர்.

கடன் அட்டையாயின், ஒதுக்கப்படுவது வங்கி நமக்கு அனுமதித்த கடன் எல்லையின் ஒரு பகுதி. டெபிட் அட்டையாயின், ஒதுக்கப்படுவது நமது சொந்தப் பணம். அரிசிக்கும் வாடகைக்கும் வைத்திருந்த பணம். விடுதியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குடும்பத்தின் கண்ணுக்கு அவை ஒன்றல்ல.

இனி, சூதாட்ட விடுதியில் அறை ஏன் மலிவு? லாஸ் வேகாஸ் நகரிலே ஒரு காலத்தில் அறையும் உணவும் விருந்தினரைச் சூதாட்ட மேசைக்கு அழைத்து வருவதற்கான செலவாகவே கருதப்பட்டன. இன்று அந்நகரின் பெருவீதி விடுதிகளுக்குச் சூதாட்டத்தில் வருவதை விட அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றில் வருவதே மிகுதி. எனவேதான் மலிவான வாடகையின் பின்னே வசதிக் கட்டணம் முளைத்தது. இத்தகைய கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்து முழு விலையையே முதலிற் காட்டவேண்டும் என்ற விதி, 2025 மே 12 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துள்ளது. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதில் வரும் வெற்றியைத் தூண்டிலில் மாட்டிய இரைக்கு ஒப்பிட்டார். வெற்றிக்குக் கூறியது மலிவான அறைக்கும் பொருந்துமன்றோ?

இஃது எங்கோ தொலைவில் நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டிலே கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2010 இல் நிறைவேறியது. 2025 ஓகஸ்ட் மாதத்திற் கொழும்பிலே 'சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ்' என்னும் பெயரில் விடுதியும் கசினோவும் கடைகளும் ஒருங்கே அமைந்த பெருங்கட்டடம் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. திருமண விருந்துக்கும் மாநாட்டுக்கும் நம்மவரும் இத்தகைய இடங்களுக்குச் செல்வர். அங்கே தங்குவது குற்றமன்று. கணக்கறியாமல் தங்குவதே துன்பம்.

பிறநாட்டு அரசுகள் சில, கடனும் சூதும் ஒன்றாய்ச் சேர்வதன் ஆபத்தை உணர்ந்துள்ளன. பிரித்தானியாவில் 2020 ஏப்ரல் முதல் கடன் அட்டையாற் சூதாடுதல் தடுக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரிலே கசினோவினுள் பணம் எடுக்கும் இயந்திரம் வைக்க இடமில்லை. அந்நாட்டவரும் நிரந்தர வதிவாளரும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் டொலர் செலுத்தவேண்டும் என்பது 2019 முதல் உள்ள விதி.

மடவளை பஸாரிலே இன்றும் கணக்குக் கொப்பியில் எழுதிக்கொண்டு பொருள் தரும் கடைகள் உண்டு. "சேர், சம்பளம் வந்ததும் தாங்களேன்" என்று நானா கூறும் ஒரு சொல்லே அங்கே பிணை. கடுகண்ணாவையிற் பழைய கொழும்பு – கண்டி வீதியோரம் நிற்கும் அம்பலத்திலே வழிப்போக்கர் பிணையின்றித் தங்கிச் சென்றனர். ஆயினும் பழையதை மட்டும் புகழ்வது நீதியாகாது. கொப்பி, அறிந்த முகத்துக்கே திறக்கும். மடவளைப் பையன் ஒருவனை, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், முகமறியாத ஊரிலே, சாதி சமயம் கேளாமல் அறைக்குள் அனுமதித்தது அந்தச் சிறிய அட்டைதான். தமக்கையாரின் முகத்தைப் பார்த்து எவரும் ஐயுறவில்லை. அங்கே எவரும் முகத்தையே பார்ப்பதில்லை. இதில் ஆறுதலும் உண்டு, துயரமும் உண்டு.

ஆகவே, பதிவு செய்யுமுன் சில வினாக்களைக் கேட்டுவிட வேண்டும். வரிகளும் கட்டணங்களும் சேர்ந்த முழுத்தொகை எவ்வளவு? நம் நாட்டிலேயே 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாயுள்ள பெறுமதி சேர் வரியும் விலைப் பட்டியலுக்கு வெளியே நிற்பதுண்டு. பிணை எவ்வளவு, இரவுக்கா, முழுத் தங்கலுக்கா? டெபிட் அட்டையை ஏற்பார்களா? காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறலாமா? பயணம் தவறினால் என்ன திரும்பும்? மாணவர் இன்னும் இரண்டைக் கேட்கவேண்டும். அட்டையிலுள்ள பெயர் தங்குபவரின் பெயராக இருத்தல் வேண்டுமா? தந்தையாரின் அட்டையை நீட்டினால் ஏற்காத விடுதிகள் பல. தங்குவதற்கு வயதெல்லை உண்டா? லாஸ் வேகாஸ் விடுதிகள் பெரும்பாலும் இருபத்தொரு வயதைக் கேட்கின்றன.

பிணைப்பணம் திரும்பி வரும் பணந்தானே என்று வசதியுள்ளோர் கூறுவர். உண்மைதான். ஆனால் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் பணத்துக்குத் திகதி உண்டு. முதலாந் திகதிப் பணம் வாடகைக்கு. ஐந்தாந் திகதிப் பணம் பிள்ளையின் படிப்புக்கு. அத்திகதி தவறிய பின் முழுத்தொகையும் ஒரு சதம் குறையாமல் வந்தாலும், அது வேறு பணம். எத்தனை டொலர் என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனையாம் நாள் என்றும் கேளுங்கள்.