மரூன் தொப்பியும் பச்சைத் தொப்பியும்

ரங்ரூட்களுக்குப் பயிற்சி கொடுத்தே என் காலாட்படை வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. ஒரு படையின் குணம் ரத்தத்தில் வருகிறது என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எங்கள் ரெஜிமென்ட் அந்தப் பேச்சுக்குக் கொடுத்த விலை அப்படி. 1758-இல் வேர்விட்ட மதராஸ் படை அது. 1880-களில் மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்து, பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், போர்க்குடிகள் வடக்கேதான் இருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். அவர் நம்பிக்கை கொள்கையாயிற்று. தெற்கத்திப் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். இரு உலகப் போர்களுக்கு இடையில் மதராஸ் ரெஜிமென்டின் நிரந்தரப் பட்டாலியன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் திரும்ப எழுப்பினார்கள். அதே ரெஜிமென்டின் 9-ஆம் பட்டாலியன்தான் 1965-இல் சியால்கோட் முனையில் மகராஜ்கேயைப் பிடித்தது.

குணம் எங்கே உருவாகிறது என்று பார்க்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது பிரிட்டனின் இரண்டு படைகளை. மரூன் தொப்பி பாராசூட் ரெஜிமென்ட், பச்சைத் தொப்பி ராயல் மரீன் கமாண்டோ. இரண்டுக்கும் ஆள் வருவது ஒரே ஊர்களிலிருந்து, ஒரே மாதிரித் தெருக்களிலிருந்து. அண்ணன் ஒன்றில், தம்பி மற்றதில் இருக்கலாம். ஓர் ஆண்டுக்குள் இருவரும் ஒருவரை ஒருவர் மட்டமாகப் பேசும் இரு வேறு மனிதர்களாகிவிடுகிறார்கள். அதற்கு ரத்தம் காரணமாக இருக்க முடியாது.

பாராக்களின் தேர்வில் ‘மில்லிங்’ என்று ஒன்று உண்டு. கிட்டத்தட்ட ஒரே எடையுள்ள இருவரைக் கையுறை மாட்டி எதிரெதிரே நிறுத்துவார்கள். அறுபது விநாடி. தடுக்கக் கூடாது, ஒதுங்கக் கூடாது, எதிராளியின் தலையைக் குறிவைத்து நிறுத்தாமல் குத்த வேண்டும். யார் ஜெயித்தான் என்பது முக்கியமில்லை. மூக்கில் ரத்தம் வழியும்போதும் முன்னால் போகிறானா, முகத்தைத் திருப்புகிறானா என்பதைத்தான் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பார்க்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் காட்டுமிராண்டித்தனம். விமானக் கதவை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். கதவில் ஒருவன் ஒரு விநாடி தயங்கினால் அவனுக்குப் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் தள்ளிப்போய் இறங்குவார்கள். இறங்கிய பிறகும் அதிகாரி எங்கே, ஹவில்தார் எங்கே என்று தெரியாது. கிடைத்த நாலு பேரோடு சண்டையைத் தொடங்க வேண்டும். 1940-இல் வேர்விட்ட அந்தப் படைக்குத் தயக்கம்தான் முதல் எதிரி.

மரீன்களின் கதை 1664-இல் கப்பலில் தொடங்குகிறது. டெவன் கடற்கரைப் பக்கம் லிம்ப்ஸ்டனில், முதல் சில வாரங்களுக்குள் ரங்ரூட்டுக்குக் குளிக்கவும் சவரம் செய்யவும் துணி தேய்க்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். பாராக்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் நார்வேயின் பனியில் ஈரக் காலுறையை மாற்றாதவன் விரலை இழக்கிறான், அவனைச் சுமக்க நாலு பேர் வேண்டியிருக்கிறது. லிம்ப்ஸ்டன் பயிற்சியின் சகிப்புப் பாதையில் ‘ஷீப் டிப்’ என்று ஒரு குழாய். முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். தானாக நீந்திப் போக முடியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை விறைப்பாக வைக்க வேண்டும். பின்னாலிருப்பவன் தள்ளுவான், எதிர்ப்புறம் நிற்பவன் இழுப்பான். அந்தச் சில விநாடிகள் அவன் உயிர் தோழர்களின் கையில். டார்ட்மூர் மேட்டில் 30 மைல் நடையை ரங்ரூட் 8 மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதே முகாமில் பயிலும் அதிகாரிக்கு 7 மணி நேரம்தான். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1982 ஜூன் 11 இரவு இந்த இரு வார்ப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் சோதனைக்கு வந்தன. அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து போர், ஸ்டான்லி நகரைச் சுற்றிய குன்றுகள். ஜூலியன் தாம்ப்சன் என்ற மரீன் பிரிகேடியரின் கீழ் 3 பாரா பட்டாலியன் லாங்டன் குன்றையும் மரீன்களின் 42 கமாண்டோ ஹாரியட் குன்றையும் தாக்கின. ஹாரியட்டில் மரீன்கள் முன்கூட்டியே இரவிரவாக ரோந்து போய்க் கண்ணிவெடி வயலுக்குள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனி மேற்கே சத்தம் எழுப்ப, மற்ற இரண்டும் சுற்றிப்போய்ப் பின்புறமாக ஏறின. கைதிகள் முந்நூறு பேர், தங்கள் தரப்பில் மாண்டவர் இருவர். லாங்டனில் இருளில் ஒரு கார்ப்பரல் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். அதோடு ரகசியம் போயிற்று. பாறை இடுக்கு இடுக்காக, கையெறி குண்டும் பயனெட்டுமாக விடியும்வரை சண்டை. பிளாட்டூன் தலைவர் அடிபட்டதும் சார்ஜன்ட் இயன் மக்கே மூன்று பேரோடு ஒரு பங்கரை நோக்கி ஓடினார். கூட வந்தவர்கள் விழுந்தார்கள். அவர் தனியாகவே போய்க் குண்டை வீசி, அங்கேயே இறந்தார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. லாங்டனில் பாரா தரப்பில் இருபதுக்கு மேல் மாண்டார்கள்.

மரீன் மூளைக்காரன், பாரா முரடன் என்று இங்கே முடித்துவிடுபவர்கள் நிலத்தைப் பார்ப்பதில்லை. லாங்டன் நீண்டு ஒடுங்கிய முகடு, சுற்றிலும் கண்ணிவெடி. ஹாரியட்டின் காவலர்கள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாராக்களும் ரோந்து போனார்கள், அவர்களும் சத்தமில்லாமல்தான் தொடங்கினார்கள். அதற்கு இரு வாரம் முன்பு கூஸ் கிரீனில் 2 பாராவின் தளபதி ஜோன்ஸ் எதிரிக் குழியை நோக்கி ஓடி உயிரை விட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற மேஜர் கீபிள் கைதிகள் மூலம் கடிதம் அனுப்பி, பெரும் காவல்படையைச் சரணடைய வைத்தார். இருவருமே மரூன் தொப்பி.

42 கமாண்டோவை லாங்டனுக்கு அனுப்பியிருந்தால் திட்டம் நன்றாகவே இருந்திருக்கும். வெடி வெடித்த பிறகு அந்த இடுக்குகளில் என்ன ஆகியிருக்கும்? அங்கே தேவைப்பட்டது மில்லிங்கில் வளர்த்த குணம் என்றே நினைக்கிறேன். அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு நாள் ஷெல்லடியில் அதே குன்றில் உட்கார்ந்திருக்க, மரீன்கள் லிம்ப்ஸ்டனில் கற்பது தேவைப்பட்டிருக்கும். பாராக்கள் உட்கார்ந்தார்கள், தாங்கினார்கள்.

‘வீர மதராஸி, அடி கொல்லு’ என்று எங்கள் போர் முழக்கத்தைக் கத்தக் கற்றுக்கொடுப்பது எளிது. என் ரங்ரூட்களுக்குப் பாராவின் குணம், மரீனின் குணம் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கப் பார்த்தேன். காலையில் பாக்ஸிங் ரிங்கில் மோதவிட்ட இருவரையே மாலையில் ஒரே ஸ்ட்ரெச்சரின் இரு முனையில் நிறுத்துவேன், மேலே கனமான ஒருவனைப் படுக்க வைத்து, ஏற்றத்தில். ரிங்கில் யார் எப்படி அடித்தான் என்பதைக் காலையிலேயே குறித்து வைத்திருப்பேன். ஆனால் செக்ஷன் கமாண்டராக யாரை அனுப்பலாம் என்று கேட்டு வந்தால், ஏற்றத்தில் கைப்பிடியை மாற்றிக்கொள்ள எதிர்முனைக்காரனிடம் முதலில் கேட்டவன் யார் என்று பார்த்துத்தான் பெயர் சொல்வேன்.