கோச்சிக்குக் கீழ என்ன விரிக்கிறது?

மகனுக்கு எண்டு சொல்லி வாங்கிப்போட்டுத் தகப்பன் விளையாடுற சாமான்களில முதலிடம் விளையாட்டுக் கோச்சிக்குத்தான். எங்கட வீட்டிலயும் அதுதான் நடந்தது. இவனுக்கு ஒன்பது வயசா இருக்கேக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில ஒரு பெட்டி வாங்கினன். ஒரு இஞ்சின், மூண்டு பெட்டி, வட்டமாப் போடுறதுக்குத் தண்டவாளம். இரண்டு கிழமை ஓட்டினான். பிறகு கணினி விளையாட்டு வந்திட்டுது, கோச்சி அலுமாரிக்கு மேல ஏறிட்டுது. அவன் படிக்கவெண்டு வேற நகரத்துக்குப் போன பிறகு, வெறுமையாக் கிடந்த அவன்ர அறையில நான் அதை இறக்கினன்.

"வயசு போன நேரத்தில இவருக்கு ஏன் உந்த வேலை" எண்டு சிரிப்பியள். சிரியுங்கோ. நான் மீசாலையில தண்டவாளத்துக்குப் பக்கத்தில வளர்ந்தவன். கோச்சிச் சத்தத்தை வச்சு நேரம் சொல்லுற வீடு எங்கட வீடு. கொடிகாமம் தாண்டினதுமே அம்மாவுக்குத் தெரியும், உலை வைக்கிறதுக்கு. 1990 இல அந்தச் சத்தம் நிண்டுது. பிறகு 2014 ஒக்ரோபர் 13 இல தான் கோச்சி திரும்பவும் யாழ்ப்பாணம் வரைக்கும் போனது. அந்தக் கிழமை தங்கச்சி தொலைபேசியைப் படலைப் பக்கம் நீட்டிப் பிடிச்சா, நான் இஞ்ச ஜேர்மனியில இருந்து கேட்டன். அவ்வளவுதான் என்ர நியாயம்.

சரி, விசயத்துக்கு வாறன்.

நான் வாங்கினது உண்மையான கோச்சியை 87 இல ஒரு பங்காக்கின அளவு. தண்டவாளத்தின்ர இடைவெளி 16.5 மில்லிமீற்றர். ஜேர்மன் பாதையின்ர 1435 மில்லிமீற்றரை 87 ஆல பிரிச்சா அதுதான் வரும். எங்கட ஊர்ப் பாதை 1676 மில்லிமீற்றர், பிரிச்சா 19 ஐத் தாண்டும். ஆக, இதில யாழ்தேவியைச் சரியான அளவில ஓட்டேலாது. அதை நான் விட்டுட்டன். ஆனா சத்தத்தை விட மனமில்லை.

10 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை ஒண்டை நாலு காலில நிறுத்தி, தண்டவாளத்தை நேரடியா ஆணி முறுக்கிப் பூட்டினன். ஓட்டினா... ஐயோ! உள்ளங்கையில வச்சா பூனைக்குட்டி மாதிரி முனகுற இஞ்சின், பலகையில அரிசி மில்லு மாதிரிக் கத்துது. மூண்டாம் நாள் கீழ்வீட்டுக் கிழவி படியில மறிச்சு, "உங்கட உடுப்புத் தோய்க்கிற மெசின் பழுதோ?" எண்டு மரியாதையாக் கேட்டா. இஞ்ச இரவு 10 மணியில இருந்து காலமை 6 மணி வரைக்கும் சத்தம் போடக்கூடாது எண்டது எல்லாருக்கும் தெரியும். நான் ஓட்டினது பின்னேரம் 5 மணிக்கு. அப்பவும் கேட்டிருக்கிறா எண்டா பாருங்கோவன்.

கிழவிக்கு ஏதோ சொல்லிச் சமாளிச்சன். மனிசிக்குச் சமாளிக்க முடியேல்லை. ஒருநாள் குசினியில இருந்து கைதுடைக்கிற துணியோட வந்து கதவடியில நிண்டா.

"இஞ்சேருங்கோ, அதை நிப்பாட்டுங்கோ."

"ஏனப்பா?"

"சகடை சுத்துற மாதிரிக் கிடக்கு."

அந்தக் காலத்தில அங்க இருந்தவைக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லுறன். 1990 இல யாழ்ப்பாணத்துக்கு மேல சுத்திச் சுத்திக் குண்டு போட்ட விமானத்துக்கு நாங்கள் வச்ச பேர் சகடை. அது வேகமா வந்து போற சாமான் இல்லை. ஒரே கனத்த இரைச்சலோட மேல நிண்டு சுத்தும், எப்ப போடுவான் எண்டு தெரியாது. மனிசி அந்த நேரம் நகரத்துக்குள்ள இருந்தவ. நான் சந்தோசத்துக்கு ஓட்டுற கோச்சி, சுவருக்கு அங்கால போகேக்க அவவுக்குச் சகடையா மாறுது. இஞ்சினைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சிட்டன். இனி ஓட்டுறதெண்டா இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி காணவேணும்.

விளையாட்டுக் கோச்சி விக்கிற கடையில வயசான மனுசன் ஒருத்தரிட்டக் கேட்டன். மனுசன் ஒண்டும் சொல்லாமல் மேசையில விரலால தட்டிக் காட்டினார். "கத்திறது கோச்சி இல்லை, பலகை." எனக்கு உடனே தவில் ஞாபகம் வந்தது. இஞ்சின் விரல் மாதிரி, பலகை தோல் மாதிரி. தண்டவாளத்தை ஆணியால பலகையோட பூட்டினா, அதிர்வு முழுக்க அந்த ஆணிவழியா இறங்கி, பலகை முழுக்கப் பேசத் தொடங்குது.

அதால முதல் வேலை, தண்டவாளத்தையும் பலகையையும் பிரிக்கிறது. மூண்டு சாமான் பாத்தன்.

முதலாவது ரெஜிபோம். 5 சென்ரிமீற்றர் தடிப்பான நல்ல இறுக்கமான சாதி. பாரமில்லை, வெட்டச் சுகம். ஆனா தனிய அதில ஓட்டினா ஒரு வெறும் தகரப்பேணிச் சத்தம் வந்தது. இரண்டாவது, லமினேற் தரைக்குக் கீழ விரிக்கிற ஸ்பொஞ் தாள். மலிவு. சத்தம் குறைஞ்சது, ஆனா இஞ்சின்ர பாரத்துக்குத் தண்டவாளம் அமுங்கி எழும்பி, பொருத்துகள் விலகப் பாத்தது. மூண்டாவது தக்கை. 4 மில்லிமீற்றர் தக்கைத் தாளைப் பட்டியா வெட்டி ஒட்டி, அதுக்கு மேல தண்டவாளத்தையும் ஆணி இல்லாமல் இறுகாத பசையால ஒட்டினன். அமுங்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கீச்சுச் சத்தமெல்லாம் போட்டுது.

ஆசை விட்டுதோ? தண்டவாளத்துக்கு நடுவில குட்டிச் சல்லி போட்டா வடிவா இருக்கும் எண்டு போட்டன். எல்லாரும் செய்யிற மாதிரி வெள்ளைப் பசையைத் தண்ணியில கரைச்சு ஊத்தினன். காய்ஞ்ச பிறகு ஓட்டினா பழைய அரிசி மில்லு திரும்பி வந்து நிக்குது! பசை காய்ஞ்சு கல்லாகி, தக்கையின்ர ஓரத்தால இறங்கிப் பலகையைப் பிடிச்சிட்டுது. நான் தக்கை வச்சுப் பிரிச்சதைப் பசை பாலம் போட்டுச் சேர்த்துப்போட்டுது. இரண்டு நாள் சுடுதண்ணி ஊத்திச் சுரண்டி எடுத்தன். பிறகு காய்ஞ்சாலும் றப்பர் மாதிரி இளகி நிக்கிற லேற்றெக்ஸ் பசை வாங்கினன். நீங்கள் செய்யிறதெண்டா இந்த ஒரு விசயத்தை மட்டும் மறக்காதேங்கோ.

ஆனா கனத்த இரைச்சல் கொஞ்சம் இன்னும் மிஞ்சி நிண்டுது. மனிசியைப் பிடிச்சது அந்த இரைச்சல்தான், கீச்சுச் சத்தம் இல்லை.

அப்பதான் எங்கட வளவுப் பங்கர் ஞாபகம் வந்தது. கோச்சி நிண்ட பிறகு வடக்கில சிலிப்பர் கட்டையும் தண்டவாளமும் பங்கருகளுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். எங்கட பங்கருக்கும் சிலிப்பர் கட்டைதான் கூரை, அதுக்கு மேல மண்மூட்டை. கோச்சியைத் தாங்கின கட்டைக்குக் கீழ நாங்கள் குந்தியிருந்தம். உள்ளுக்கு இறங்கினா வெளியில ஆக்கள் கத்திறது, நாய் குலைக்கிறது எல்லாம் நிண்டிடும். ஆனா தூரத்தில விழுகிற குண்டின்ர அந்தக் கனத்த 'திம்' மட்டும் மண்ணுக்குள்ளால வந்து நெஞ்சில தட்டும். கீச்சுச் சத்தத்தை மறிக்கிறது லேசு. அடித்தொண்டைச் சத்தத்தை மறிக்கப் பாரம் வேணும். இதை நான் புத்தகத்தில படிக்கேல்லை, பங்கருக்குள்ள படிச்சன்.

ஆக என்ர பலகைக்குப் பாரம் காணாது. கார்க் கதவுக்குள்ள தகரம் அதிராமல் ஒட்டுறதுக்குத் தார் கலந்த பாரமான தாள் விக்கிறாங்கள். அதை வாங்கிப் பலகையின்ர அடிப்பக்கம் முழுக்க ஒட்டினன். பெரிய பலகை ஒரே தோலா நிண்டு அதிராமல், குறுக்குச் சட்டம் அடிச்சுச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சன். ஒவ்வொரு துண்டையும் வேற வேற அளவில, எல்லாம் ஒரே சுருதியில சேர்ந்து பாடக்கூடாது எண்டு. காலுக்குக் கீழ றப்பர். மேசையைச் சுவரில முட்டாமல் இரண்டு விரல் தள்ளி வச்சன். விரலால தட்டிப் பாத்தா இப்ப 'டம்' இல்லை, 'தொப்'.

மனிசிக்குச் சொல்லாமல் ஒருநாள் பின்னேரம் கதவைச் சாத்திப்போட்டு ஓட்டினன். கால் மணித்தியாலம். குசினியில தண்ணி ஓடுற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருக்காலும் நிக்கேல்லை. பிறகு தேத்தண்ணியோட கதவைத் திறந்து, "ஓ, ஓடுதோ?" எண்டா.

முழுக்கச் சத்தமில்லாமல் போகேல்லை, நான் அதைத் தேடவுமில்லை. தண்டவாளப் பொருத்தில சில்லு ஏறி இறங்கிற அந்த 'டக்-டக்' மட்டும் மிஞ்சி நிக்குது. அந்தச் சத்தம் அவவுக்கும் பிடிக்கும். சின்னனில கொழும்புக்குக் கோச்சியில போனவ. தேத்தண்ணி ஆறுமட்டும் மகன்ர கட்டிலில இருந்து பாத்தா.

நத்தாருக்கு மகன் வந்தான். மேசையைக் கொஞ்சம் தள்ளுவம் எண்டு பிடிச்சுப் பாத்திட்டு, "அப்பா, இதை இனி இந்த அறையை விட்டு எடுக்கேலாது" எண்டான்.

உண்மைதான். பாரம் கூடிப்போச்சு. ஒரு தோள்பையோட வெளிக்கிட்டு, இந்த நாட்டிலயும் நாலு வீடு மாறினவன் நான். இதுவரைக்கும் என்ன சாமான் வாங்கினாலும் கழட்டித் தூக்கேலுமோ எண்டுதான் முதல் பாப்பன். தூக்கேலாத ஒண்டை என்ர கையால செய்தது இதுதான் முதல் தரம்.

கிடக்கட்டும்.