கால் நடக்க, நீர் இறங்க

திருவனந்தபுரத்துக்கு வடக்கே இருக்கிறது கழக்கூட்டம். தென்னையும் வயலுமாகக் கிடந்த ஊர், 1990இல் டெக்னோபார்க் வந்த பிறகு கண்ணாடிக் கட்டடங்களின் ஊராயிற்று. 2023 அக்டோபர் நடுவில் விடிய விடிய கொட்டிய மழையில் தெற்றியாறு கரை மீறியது. கம்ப்யூட்டர் நிறுவனங்களின் வாசலிலும் துணை மின்நிலையத்திலும் தண்ணீர் புகுந்தது. ஓடையின் அடைப்பும் ஆக்கிரமிப்பும் பெரிய காரணங்கள்தான். சின்னக் காரணம் ஒன்று ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கிறது: இன்டர்லாக் கல்.

ஈர்க்குமாற்றால் பெருக்கிக் கோடு விழுந்த மண் முற்றம் கேரள வீடுகளின் அழகாக இருந்தது. இப்போது மதிலுக்கு மதில் கல். கல்லுக்குக் கல் இடுக்கு இருப்பதால் நீர் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அடியில் சிமென்ட் படுகையும் இடுக்கில் நைந்த தூசியும் இருந்தால் எங்கே இறங்கும்?

இதே கேள்வி கழக்கூட்டத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள், நேப்பியர் மியூசியத்தை ஒட்டிய மிருகக்காட்சிசாலையில் இன்னும் கூர்மையாகிறது. 1850களின் இறுதியில் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் காலத்தில் உருவான இடம். ஏற்ற இறக்கமான நிலம், பிரம்மாண்டமான மரங்கள். நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சுற்றுலாத் தலம். இப்படி ஓரிடத்தில் நடைபாதைக்கு என்ன போடுவது? கான்கிரீட் போட்டு மூடினால் வேர்களுக்கு நீரும் காற்றும் போகாது. வேர் சும்மா இருக்குமா? சில வருடங்களில் பாதையையே தூக்கிவிடும்.

சரளை மலிவு, நீரையும் குடிக்கும். ஆனால் சரிவில் உருண்டு ஓடும், சக்கர நாற்காலி புதையும். எல்லாவற்றுக்கும் மேல், சிறுவர்கள் கையில் கல் கிடைத்தால் முதலையின் முதுகு தப்பாது. உதிரிக் கல்லை நிராகரிக்க அது ஒன்றே போதும்.

உள்ளூர்ச் சரக்கான செம்புறாங்கல் இருக்கிறதே என்று தோன்றும். மலையாளத்தில் அது வெட்டுகல். மலபாரின் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியான பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயர் சூட்டினார். வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டு இறுகும் கல். சுவருக்கு அருமை. ஆயிரக்கணக்கான கால்கள் மிதிக்கும் பாதையில் தேயும். மர நிழலில் பாசி பிடித்து வழுக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த ஓரப் பாதைகளுக்கு வேண்டுமானால் சரி.

துளைக் கான்கிரீட் என்று ஒன்று உண்டு. மணலைக் குறைத்துப் போடுவதால் 15 முதல் 25 சதவீதம் வரை வெற்றிடம் கொண்டது. நீரை வாங்குவதில் சூரன். மட்கிய இலைத் தூளும் செம்மண் சேறும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் சாதாரண கான்கிரீட்தான். பிறகு உறிஞ்சும் இயந்திரம், அழுத்த நீர் என்று செலவு.

சுற்றிவந்தால், பழி சுமந்த அதே இன்டர்லாக் கல்லிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. வேர் தூக்கினால் கழற்றி மறுபடி அடுக்கலாம் என்பது அதன் பெரிய பலம். நடப்பதற்கு மட்டுமென்றால் 60 மில்லிமீட்டர் கனம் போதும். தீவன வண்டி போகுமிடத்தில் 80 வேண்டும். சூட்சுமம் கீழே இருக்கிறது. சிமென்ட் படுகைக்குப் பதில் தூசி கழுவிய ஜல்லி. இடுக்கில் மணலுக்குப் பதில் பொடி ஜல்லி. சரிவில் இன்னொரு சங்கதி: ஜல்லிக்குள் இறங்கிய நீர் உள்ளுக்குள்ளேயே சரிந்தோடி, அடிவாரத்தில் கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதற்கு ஜல்லிப் படுகையின் குறுக்கே ஆங்காங்கே தடுப்புகள் வேண்டும். பூமேட்டின் மண் பாதையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சேறு இறங்கி இடுக்கை அடைக்கும்.

இதெல்லாம் மூடிய பிறகு கண்ணுக்குத் தெரியாத வேலைகள். கான்ட்ராக்டர் மிச்சம் பிடிப்பதும் இங்கேதான். பில் பாஸாகும் முன் ஒரு வாளித் தண்ணீரைப் பாதையில் கொட்டி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க இன்ஜினியருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.