செம்மணலும் கருங்கல்லும்

பாலைவனம் என்றவுடன் நமக்கு ராஜஸ்தானத்து ஒட்டகங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. மலையேற்றம் என்றாலோ இமயமும் ஆல்ப்ஸும்தான். ஆனால் சனிக்கிழமை காலையில் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு, ஒரு பாலைவனத்தில் கால் புதைய நடந்து, மறுநாள் ஒரு பெரும் பாறையின் மீது ஏறி இறங்கி, ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று சொன்னால், நேயர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள்.

நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வளம் குன்றித் திரிந்தால் அதுவே பாலை என்றார்கள். தூத்துக்குடிச் சீமையிலோ நெய்தல் நிலத்தின் ஓரத்திலேயே ஒரு பாலை படுத்திருக்கிறது. அதற்குத் தேரி என்று பெயர்.

சென்ற மாசி மாதத்தில் நாங்கள் ஐவர் கிளம்பினோம். ஒருவர் வக்கீல், ஒருவர் டாக்டர், டாக்டருடைய தமக்கை மகன் ஒருவன், காலேஜ் மாணவன், தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்த வாத்தியார் ஒருவர், பிறகு நான். வக்கீல் நண்பர் மலையேற்றத்துக்கென்றே நல்ல உறுதியான கயிறு ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். வாத்தியார் அதை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, "கயிறு நன்றாகத்தான் இருக்கிறது. பிடிக்கிறவர் யார் என்பதல்லவா கேள்வி?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவருடைய பாட்டனார் முத்துக் குளித்தவர். மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த முத்துக் குளிப்பு, தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. குளிப்பவர் காலைக் கல்லில் ஊன்றிக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிஷத்துக்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அந்தக் கணமே மேலே இழுக்க வேண்டும். கயிறு பிடித்தவர் வேறு திசை பார்க்கக் கூடாது. வீண் பேச்சுப் பேசக் கூடாது. மைத்துனன் கையில் கயிற்றைக் கொடுப்பதே வழக்கம் என்றும், தன் சகோதரி தாலி இழப்பதை எவனும் விரும்பமாட்டான் அல்லவா என்றும் வாத்தியார் விளக்கினார். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய துறைமுகம் எங்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்து வெகு நேரமான பின்னும், வண்டியில் இந்தப் பேச்சே நடந்துகொண்டிருந்தது.

தேரியில்

திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழியைத் தாண்டியதும் பூமியின் நிறம் மாறிவிடுகிறது. செங்கல்லைப் பொடி செய்து கொட்டியது போன்ற மணல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரந்து கிடக்கிறது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் சாதாரண வெண்கல் மணல்தான். ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு மெல்லிய போர்வையாகப் படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவ மழையை மேற்கு மலைத் தொடர் தடுத்துக்கொள்கிறது. இப்பக்கம் வருவது வறண்ட காற்று மட்டுமே. அந்தக் காற்றுத்தான் இம்மணல் மேடுகளைக் குவித்தது. இன்றும் அவற்றை இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இது உயிரற்ற காடு அல்ல. பனையும், குடை விரித்தாற்போன்ற உடைமரமும், மணலைப் பிடித்து நிறுத்துவதற்காக வளர்த்த கொல்லாமரங்களும் இருக்கின்றன. ஒரு பனையின் அடியில் முதிய அம்மாள் ஒருத்தி ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தாள். "வெயில் ஏறுறதுக்குள்ள கோயிலப் பாத்துட்டுத் திரும்பிருங்கய்யா. பொறவு மணல்ல கால் வைக்க முடியாது" என்று எச்சரித்தும் அனுப்பினாள். அவள் சொன்ன கோயில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் அங்கே கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும்போது, ஜனங்கள் தேரி மணலைப் பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.

மணலில் ஏறுவது பாறையில் ஏறுவதைவிடச் சிரமம். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. மேட்டின் உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது வாத்தியார் ஒரு செய்தி சொன்னார். இந்தத் தேரிகளில் கிடைக்கும் சின்னஞ்சிறு கல் ஆயுதங்களை ஆராய்ந்து, ஸாய்னர், ஆல்ச்சின் என்ற இரு அறிஞர்கள் 1956-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விரல் நுனி அளவே உள்ள அந்தக் கற்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வேட்டையாடியவர்கள் செதுக்கியவை. அவர்களுடைய பெயர் தெரியாது, பேச்சும் தெரியாது. திரும்பி வரும்போது பார்த்தோம்: இரண்டு மணி நேரத்துக்கு முன் நாங்கள் பதித்த காலடிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. காற்று துடைத்துவிட்டிருந்தது.

கழுகுமலையில்

அன்றிரவு தூத்துக்குடியில் தங்கி, மறுநாள் விடியுமுன் வடமேற்கே புறப்பட்டோம். வழியில் பாரதியார் 1882-ல் பிறந்த எட்டயபுரம், பிறகு கோவில்பட்டி, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. கரிசல் வயல்களுக்கு நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் அக்குன்றின் அடிவாரத்தில், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்குத் தலைவனான முருகன் குடியிருக்கிறான்.

மேலை நாட்டு மலையேறிகள் பாறை வெடிப்பில் இரும்பு ஆணி அறைந்து, அதில் கயிறு மாட்டி ஏறுவதுண்டு. இங்கே அந்த எண்ணமே கூடாது. இந்தப் பாறையில் எங்கே சிற்பம் முடிகிறது, எங்கே வெறுங்கல் தொடங்குகிறது என்று சொல்வது எளிதல்ல. ஆகவே சிற்பங்களுக்கு அப்பால், வழுக்கையான ஒரு சரிவைத் தேர்ந்துகொண்டோம். ஆணி இல்லை, வாத்தியார் மேலே ஒரு குண்டுக்கல்லின் பின்னால் காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டார். கயிற்றின் ஒரு முனை அவர் இடுப்பில், மறுமுனை ஏறுகிறவர் இடுப்பில்.

மூன்றாவதாக டாக்டர் ஏறினார். பாதித் தூரம் வந்ததும், பாறை மேல் உதிர்ந்து கிடந்த பொடிக்கல்லில் அவர் கால் வழுக்கிற்று. கீழே நின்ற எங்களுக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஆனால் கயிறு ஒரு சாண்கூடத் தளரவில்லை. டாக்டர் இரண்டு விநாடி ஊசலாடி, கையால் ஒரு விளிம்பைப் பற்றிக்கொண்டார். மேலே போய்ச் சேர்ந்தபின், "நீர் என் மைத்துனரும் இல்லையே, ஐயா!" என்றார். வாத்தியார் சிரிக்கவில்லை. "ஏறுகிறவர் கண்ணைக் கயிறு பிடிக்கிறவன் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பாட்டனார் சொல்வார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

வெட்டுவான் கோயிலைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள், மலையைச் சுற்றிலும் சுமார் 25 அடி ஆழம் வெட்டி எடுத்து, நடுவே நின்ற கல்லை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கோயிலாக்கினார்கள். மிருதங்கம் வாசிக்கும் தக்ஷிணாமூர்த்தியை விமானத்தில் காணலாம். கீழ்ப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. மேலிருந்து செதுக்குகிறவனுக்கு ஒரு தவறு செய்யவும் இடமில்லை. உடைந்த கல்லை எடுத்துவிட்டு வேறு கல் வைக்க முடியாது.

அதற்கு அப்பால், பாறை முகத்தில் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அடியில் வட்டெழுத்துக்கள். இன்ன ஊர் இன்னார் செய்வித்தது என்று அவை கூறுகின்றன. அவற்றில் குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் இருப்பது பெருமைக்குரியது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரிசல் பூமியில் பெண்கள் குருபீடத்தில் இருந்து கற்பித்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி.

இறங்கி வரும் வழியில், மாணவன் ஒரு கூர்ங்கல்லை எடுத்துப் பாறையில் ஏதோ கீறத் தொடங்கினான். டாக்டர் அதட்டப் போனார். வாத்தியார் கையமர்த்திவிட்டு, "தம்பி, என்ன எழுதுகிறாய்?" என்று கேட்டார்.

"என் பெயர்தான், ஸார். மேலே அத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே?"

"எழுதியிருக்கிறார்கள். ஒரு திருமேனியைச் செய்வித்துவிட்டு, அதன் அடியில் எழுதினார்கள். நீ எதைச் செய்துவிட்டு எழுதப் போகிறாய்?"

பையன் சிறிது நேரம் கையிலிருந்த கல்லையே பார்த்தான். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, கீறிய இடத்தை உள்ளங்கையால் தேய்த்தான். ஒரு கோடு மட்டும் போகவில்லை.

நேயர்களே! தேரி மணல் நம்முடைய சுவட்டை மாலைக்குள் மன்னித்துவிடும். கழுகுமலைப் பாறை மன்னிக்காது. தை, மாசி மாதங்களில் சிநேகிதர்களோடும் குழந்தைகளோடும் அவசியம் சென்று வாருங்கள். வெயிலுக்கு முன் ஏறுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லுங்கள். கயிறு கொண்டுபோனால், அதைப் பிடிக்க நம்பிக்கையான ஒரு கையையும் தேடிக்கொள்ளுங்கள். கூரான கல்லை மட்டும் கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.