ஒலிவாங்கியின் முதுகு

நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவு பயின்ற நாள்களில், நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் ஜாஸ் இசைக்குழு ஒன்றைப் பதிவு செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. சாக்ஸபோன், பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ் என நால்வர். பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி அறை. பாஸ் வாசித்த முதியவர் மூட்டு நோயால் அவ்வாண்டோடு வாசிப்பை நிறுத்தவிருந்தார். அவருடைய இசை ஒருமுறையேனும் செம்மையாகப் பதிவாக வேண்டும் என்பதே குழுவினரின் விருப்பம்.

கருவிக்கு இரண்டாக எட்டு ஒலிவாங்கிகளை நிறுத்தினேன். இளமையின் துணிவு! கேட்டுப் பார்த்தபோது, டிரம்ஸின் வெண்கலத் தட்டுகள் எல்லா ஒலிவாங்கிகளுக்குள்ளும் புகுந்து இரைந்தன. பாஸின் ஒலியோ சதை வற்றி எலும்பாய் மெலிந்திருந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. ஒரே சுரம் அருகிலுள்ள ஒலிவாங்கியை முன்னும், தள்ளியுள்ளதைச் சற்றுப் பின்னும் அடைகிறது. இரண்டையும் கலக்கும்போது ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் அகடும் சந்தித்தால் ஒலி அழிந்துபோகும்.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. அதே மாநிலத்து ஹேக்கன்சாக் நகரில், 1950களில் பகலில் கண் பரிசோதகராகப் பணிபுரிந்துகொண்டே, பெற்றோரின் வீட்டுக் கூடத்தில் மைல்ஸ் டேவிஸ், தெலோனியஸ் மங்க் முதலியோரைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டரைப் பற்றிச் சொன்னார். ஒலிவாங்கிகளை அவர் எங்கே வைத்தார் என்று ஆவலோடு கேட்டேன். அதை அவர் எவருக்கும் சொல்வதே இல்லையாம்!

நான்கு ஒலிவாங்கிகளைப் பெட்டிக்குள் வைத்தேன். ஓர் ஒலிவாங்கி தன் கருவிக்கு ஓரடி தொலைவில் இருந்தால், அடுத்த ஒலிவாங்கி அதிலிருந்து மூன்றடியேனும் தள்ளியிருக்க வேண்டும் என்பது பழைய விதி. எட்டை வைத்துக்கொண்டு அச்சிறிய அறையில் அதைக் காப்பது அரிது. பிறகு பாஸை மூலையிலிருந்து நகர்த்தினேன். மூலைச் சுவர்கள் சில தாழ்ந்த சுரங்களை மட்டும் பெருக்கிக் காட்டும். நரம்புகளைத் தாங்கும் குதிரைக்கு ஒரு சாண் தொலைவில் ஒலிவாங்கியை நிறுத்தி, அதன் முதுகை டிரம்ஸின் பக்கம் திருப்பினேன். முன்னால் வரும் ஒலியை வாங்கி, முதுகுப்புறத்து ஒலியைப் பெரும்பாலும் விட்டுவிடும் வகை அது. அதுவரை அதன் முகத்தை மட்டுமே பார்த்திருந்தேன். எதிர்ச்சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டோம். டிரம்ஸ் கலைஞர் கோல்களை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளை எடுத்துக்கொண்டார்.

மறுபதிவிலும் தட்டுகளின் ஒலி பாஸுக்குள் சிறிது கசிந்தது. ஆனால் அது தொலைவில் பெய்யும் மழைபோல் இருந்தது. தனி ஆவர்த்தனத்தில் முதியவரின் விரல் நரம்பில் வழுக்கும் ஓசையும், அதற்குமுன் அவர் இழுத்த மூச்சும் கேட்டன. காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமலே, இன்னொரு முறை வாசிக்கலாம் என்று அவர் விரலை உயர்த்திக் காட்டினார்.