கிரில்லும் புகையும் ஒரே அடுப்பில்

கரி அடுப்பு ஒன்றுதான் வாங்க முடியும், கிரில்லும் பண்ணணும், புகையும் போடணும் என்றால் என் ஓட்டு கெட்டில் அடுப்புக்கே. 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் மிதவைக்கான இரும்புக் கோளத்தைப் பாதியாக வெட்டிச் செய்தது. கரியைப் பரப்பினால் கிரில். ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் கறியை வைத்து மூடினால் புகையடுப்பு. கீழ்த்துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து 110 டிகிரிக்குக் கொண்டு வரணும். மேல்துளை கறிக்கு நேர் மேலே திறந்திருக்கட்டும். புகை கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். குபுகுபுவென்று வெள்ளைப் புகை வந்தால் பொறுங்க, கறி கசந்துவிடும். மெல்லிய நீலப்புகைதான் வேணும்.

கமாடோ என்கிற பீங்கான் அடுப்பு சூட்டை மணிக்கணக்கில் பிடித்து வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஏறின சூடு லேசில் இறங்காது. விலையும்தான்! நகர்த்தவே ரெண்டு ஆள் வேணும்.

எதை வாங்கினாலும் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்க. இடுக்கு வழியே காற்று புகுந்தால் சூடு உங்கள் பேச்சைக் கேட்காது.